எங்கள் வீட்டு ஆயுத பூஜை

தொண்ணூறுகளின் நடுவில், சேக்காட்டில் எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை மட்டும் வெளிச்சம் போவதற்குள் சமையல் முடிந்துவிடும். ஒரு ரவுடியின் குடும்பத்தைப் பற்றிய நாடகம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மகன் ஆளை வெட்டிவிட்டு வருவான்; அம்மாக்காரி தெரிந்தும் தெரியாத மாதிரி சோறு போடுவாள். என் அம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "இவ இன்னா பொம்பள? நானா இருந்தா அவன் கைய ஒட்ச்சி போட்ருப்பேன்" என்பாள். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அண்ணன் சிரிப்பான்.

அண்ணன் லேத் பட்டறை வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்பத்தூர் கம்பெனிகளிலிருந்து வரும் பழைய இரும்பை வேறு யாரும் எடுக்க விடாமல் மிரட்டும் கும்பலோடு சுற்றிக்கொண்டிருந்தான். கும்பலின் தலைவனை 'அண்ணாத்தே' என்பான். ஊருக்கே தெரியும். அம்மா மட்டும் "லாரி லோடு பாத்துக்கிறான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு வாய் துறுதுறுக்கும். அவன் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும். பயம்தான், வேறென்ன?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் அவரவர் தொழில் சாமான்களைக் கழுவிப் பலகையில் வைத்தோம். அப்பாவின் ஸ்பேனர்கள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் துணி வெட்டும் கத்தரிக்கோல், அம்மாவின் அரிவாள்மணை. கடைசியாக அண்ணன் வந்தான். லுங்கித் துணியில் சுற்றியிருந்த பட்டாக்கத்தியைப் பிரித்து என் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தான். அதையும் கழுவித்தான் கொண்டுவந்திருந்தான்.

அப்பா குனிந்து தன் ஸ்பேனர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். சந்தனக் கிண்ணம் என் கையில். அதில் தொட்ட விரலோடு அம்மா அப்படியே நின்றாள். கையை ஒடிக்க வேண்டாம், திட்டவாவது செய்வாள் என்று காத்திருந்தேன்.

"வெய்யிம்மா, டைம் ஆவுது. அண்ணாத்தே ஊட்லயும் பூஜ கீது."

அம்மா வைத்தாள். சந்தனம், அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று வேண்டிக்கொண்டாள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் நாடகத்தில் அந்த அம்மாக்காரி மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன்தான் திரும்பிக் கேட்டான்: "இன்னாம்மா, இன்னிக்கி அவள திட்லயா?"

அம்மா எழுந்து அவனுக்குச் சோறு போடப் போனாள்.