முத்துராசு விட்ட கோல்

அமெரிக்காவில் படிக்கிற என் மகள் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் காலேஜ் ஃபுட்பால் மேட்சாம். நம்ம ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதில் அஞ்சு தடியன்கள் வரிசையாகக் குனிந்து நிற்பதும், எதிரே வருகிறவர்களை முட்டித் தள்ளுவதுமாக இருந்தார்கள். பந்துப் பக்கமே திரும்பவில்லை. இவர்களுக்கு என்னதான் வேலை என்று போன் போட்டுக் கேட்டேன்.

"அவங்க பந்தத் தொடவே மாட்டாங்கப்பா. பந்து வச்சிருக்கவன யாரும் சாய்ச்சிராம பாத்துக்கிடணும். ஜெயிச்சா அவன் இந்த அஞ்சு பேருக்கும் விருந்து வைப்பான்."

விருந்தா! வயிறு எரிந்தது எனக்கு. பேர்கூடத் தெரியாத அஞ்சு பேர் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே அந்த வீடியோவை இன்னும் மூன்று தடவை பார்த்தேன்.

தைல வாசனை வந்தால் போதும், நான் தூத்துக்குடியில்தான் இருப்பேன். நான் படித்த காலேஜின் மைதானம் உப்பளத்தை ஒட்டிக் கிடந்தது. விழுந்தால் சிராய்ப்பில் உப்பு ஏறி உயிர் போகும். அதிகம் விழுந்தவன் நான்தான். காலேஜ் ஃபுட்பால் டீமில் நான் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். எதிராளி கொண்டுவருகிற பந்தை மறித்து, உதைபட்டு, முன்னால் நிற்கிற லசாருக்குத் தள்ளிவிட வேண்டும். கோல் போடுவது அவன்.

லசார் திரேஸ்புரத்துக்காரன். சுருட்டை முடி, சிரித்தால் கன்னத்தில் குழி. அதுவே எனக்குப் பிடிக்காது. ஹாஸ்டல் சமையல்கார அண்ணாச்சி அவனுக்கு மட்டும் ரெண்டு துண்டு சீலா மீன் வைப்பார். எனக்கும் வையுங்கள் என்றால், "நீ எத்தன கோல் போட்டிருக்கே?" என்பார். நாசரேத்தில் வாத்தியாராக இருந்த என் அப்பாகூடக் கடிதத்தில் என் படிப்பைப் பற்றி ஒரு வரி, லசார் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதினார். பெற்ற தகப்பன்!

கடைசி வருஷம் ஃபைனலுக்கு, பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். எங்கள் கோல்கீப்பர் முத்துராசுவைத்தான் பார்க்க வந்தார் என்று பேச்சு. முத்துராசு ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி மகன், என் ரூம்மேட். அந்த டீமில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய்விடலாம் என்று வெறும் வயிற்றில் ஓடி ஓடிப் பழகினான்.

லசார் ஒரு கோல் போட்டுவிட்டான். மைதானமே அவன் பெயரைக் கத்தியது. அதற்கு முன் நான் ஏழெட்டுப் பந்து மறித்திருந்தேன். ஒரு நாய் கத்தவில்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ஒரே ஒரு பந்தை விட்டுப் பார்ப்போம், நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்குத் தெரியட்டும். எதிர் டீம்காரன் ஒருவன் பந்தோடு ஓடிவந்தான். நீட்ட வேண்டிய காலை இழுத்துக்கொண்டேன். கோல்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. "ஏலே முத்துராசு, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கூட்டம் அவன் மேல் பாய்ந்தது. அந்தக் கூச்சலில், லேசாக வந்த இன்னொரு பந்தையும் கோட்டை விட்டான். தோற்றோம். வந்தவர் நோட்டை மூடிக்கொண்டு போனார். முத்துராசு அன்று கழற்றிய கையுறையை அப்புறம் மாட்டவே இல்லை.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது லசார் பக்கத்தில் வந்து நின்றான்.

"வேணும்னுதானலே விட்ட?"

"என்னலே உளறுத?"

"கால இழுத்தத பாத்தேன். நீ பின்னால நிக்கேங்குற தைரியத்துலதாம்லே நான் முன்னால ஓடுதேன். உன்ன பாக்காம இருப்பனா?" குழாயை மூடினான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். முத்துராசுகிட்ட நீயே சொல்லிரு."

என்னைக் கவனித்த ஒரே ஆள் அவன்தான். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. பெரிய மனுஷத்தனத்திலும் என்னை முந்திவிட்டானே!

இரண்டு மாதத்துக்கு முன் லசார் செத்துப்போனான். நெஞ்சுவலி. அடக்கத்துக்குப் போகிற வழியில் பார்த்தேன், மைதானம் இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நின்றன. கோல்கம்பம் எந்தப் பக்கம் இருந்தது என்றே பிடிபடவில்லை. பெட்டியில் கிடந்தவனுக்கு அத்தனை கூட்டம், அத்தனை அழுகை. அங்கேயும் எனக்கு லேசாகப் பொறாமை வந்தது. சொல்லிவிட்டேன், திட்டாதீர்கள்.

முத்துராசுவும் வந்திருந்தான். ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான், தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அந்த மொதப் பந்த மட்டும் நான் பிடிச்சிருந்தா லசாரு கப்பத் தூக்கியிருப்பாம்லே. அவங்கிட்ட ஒரு மன்னிப்புகூடக் கேக்கல."

இப்போது சொன்னால்கூடப் போதும். முப்பது வருஷமாக நெஞ்சில் கிடக்கிறதை இறக்கிவைத்துவிட்டுப் போவான். வாயைத் திறந்தேன்.

"விடுலே," என்றேன், "யாரா இருந்தாலும் அதப் பிடிச்சிருக்க முடியாது."