ரப்பர்த் தோட்டத்தில் பெய்த பனி

கெம்பஸில் நாங்கள் முதலாம் வருடம் படித்தபோது நடந்தது இது. நானும் என் தோழியும் கொடகவெலப் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஒரே தோட்டப் பாடசாலையில் படித்து, விடுதியிலும் ஒரே அறையில் வந்து விழுந்தவர்கள். அவள் கெம்பஸுக்கு எடுபட்ட அன்று அவளுடைய அம்மா தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய் இனிப்பு டொபி கொடுத்தார்.

முதல் அசைன்மென்ட், சொந்த ஊரில் நடக்கும் ஒரு தொழிலைப் பற்றி. ஆங்கிலத்தில், கையாலேயே எழுத வேண்டும். நான் டிக்ஷனரியைப் புரட்டி எதையோ கிறுக்கிக் கொடுத்தேன். அவளோ தலைப்புக்குச் சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடு போட்டு, முத்து முத்தாக எட்டுப் பக்கம் எழுதினாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த கிழமை அந்தப் பாடத்து மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சிங்களவர், பொல்லாத கோபக்காரர். "நீயும் வாடி, தனியாப் போக பயமா இருக்கு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

அவள் எழுதியது சொல்லுக்குச் சொல் ஒரு வெப்சைட்டில் இருக்கிறதாம். விசாரணைக்கு அனுப்பினால் பாடமும் போகும், பெயரும் போகும் என்றார் மேடம். டொபி கொடுத்த அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இவள் அழுவாள், இல்லையென்று சாதிப்பாள் என்று பார்த்தால், நிமிர்ந்து நின்று, "ஆமா மேடம், அதுலேருந்துதான். ஒரு எழுத்துக்கூட விடல" என்றாள். அதுவும் பெருமையாக! அடிப்பாவி!

ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பாடசாலையில் வகுப்புக்கு ஒரே புத்தகம்தான், அதுவும் படிப்பிக்கிற சேரின் கையில். அவர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். தகரக் கூரையில் மழை அடித்தால் அவர் குரலும் கேட்காது. புள்ளி பிசகாமல் எழுதிய கொப்பியைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, இதுதான் படிக்கிற புள்ளையோட கொப்பி" என்பார். எப்போதும் அது இவளுடையதுதான். நாங்கள் கை தட்டுவோம். என்ன அழகான காலம் அது! அந்த மழையும் கைதட்டலும் இன்னும் காதில் இருக்கின்றன. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, எல்லாவற்றையும் மேடத்திடம் கொட்டிவிட்டேன்.

மேடம் அவள் எழுதியதில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "காலைப் பனியில் நடுங்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிப்பதாக எழுதியிருக்கிறாயே, உங்கள் தோட்டத்தில் பனி பெய்யுமா?"

"இல்ல மேடம், எங்க பக்கம் வேர்த்து ஊத்தும். கொழுந்தும் இல்ல, ரப்பர்தான்."

"பிறகு ஏன் இப்படி எழுதினாய்?"

அவள் தலை குனிந்துவிட்டது. "தோட்டம்னா அப்படித்தான்னு போட்டிருந்திச்சு மேடம். நான் சொல்றது எப்படி சரியா இருக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சோம்பலில் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், பயத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இவள் தன் கண்ணையே நம்பாமல் எழுதியிருந்தாள்.

மேடம் பேனையை மூடி வைத்தார். "ஹரி, கியன்ன" என்றார். சரி, சொல்லு என்று.

முதலில் திக்கினாள். பிறகு நிறுத்த முடியவில்லை. விடியுமுன் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது, சிரட்டையில் பால் சொட்டுவது, மழை பெய்தால் அன்றைக்கு வேலையுமில்லை, கூலியுமில்லை என்பதால் வானம் இருட்டும்போதெல்லாம் அம்மா சாமி படத்தின் முன் நின்று திட்டுவது. மேடம் சிரித்தேவிட்டார். "இதை எழுதிக்கொண்டு வா. எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் கடைசியில் போடு" என்றார்.

மறுநாள் கேன்டீனில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். "எங்கேருந்து எடுத்தேன்னு என்னடி போடுறது?" என்று கேட்டாள். "ஒங்கம்மாகிட்டேருந்துதானே எடுத்தே!" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவள் அப்படியே எழுதிவிட்டாள். அம்மாவின் பெயர், பால் வெட்டும் தொழிலாளி, லயத்து நம்பர். அதற்கும் சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடு!

ஆங்கிலம் முழுக்கப் பிழை. பாஸ் மார்க்ஸ்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் மேடம் பெரிதாக ஒரு சரி போட்டிருந்தார். அன்று அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, ஒங்க பேரை கெம்பஸ்ல சரின்னுட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

இப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். கரும்பலகையில் இருப்பதைப் பிசகாமல் எழுதிய கொப்பியைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் "மிக நன்று" போடுமுன், "ஒங்க வீட்டுப் பக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.