நான் வாசித்துக் காட்டிய பயம்

என்னோடு வேலை செய்த ஒரு மனிதருக்கு இன்று வலக்கை இல்லை. முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். எண்பத்தொரு வயதுக் கிழவர் ஒருவர் வேட்டைத் துவக்கால் சுட்டதில் அந்தக் கை போனது என்று பொலிஸ் எழுதி வைத்திருக்கிறது. சரிதான், விசையை இழுத்தது கிழவர்தான். ஆனால் அந்தக் கிழவருக்கு மூன்று வருடமாகப் பக்கத்தில் இருந்து பயத்தை ஊட்டியவள் நான். பொலிஸ் காகிதத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஒஸ்லோவின் தெற்கே பியோர்ண்டாலில் இருக்கிறேன். வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சாப்பாடு சூடாக்கி வைப்பது என் வேலை. அந்தக் கிழவரின் வீடு ஹவுகெட்டோவில், ரயில் நிலையத்துக்கு மேலே, வரிசையாக ஒட்டிக் கட்டிய மரவீடுகளில் ஒன்று. மனைவி செத்துப் போனார், பிள்ளைகள் தூரத்தில். ஒரு காலத்தில் மலைகளில் வேட்டைக்குப் போன மனிதர். இப்போது இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய், முன்னால் நிற்பவரின் உருவம் மட்டும் கறுப்பாய்த் தெரியும், முகம் தெரியாது. என்னைக் குரலால்தான் அடையாளம் பிடிப்பார்.

எனக்கு அப்போது நிரந்தர வேலை கிடைப்பதற்கு மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. கிழவரால் பேப்பர் வாசிக்க முடியவில்லை. "நீர் சத்தமாய் வாசியும், நான் திருத்திவிடுறன்" என்றார். அவர் சொன்னது நோர்வேக்காரரின் நொஸ்க் மொழியில். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் லாபம் என்று தொடங்கினோம்.

அரசியல் செய்தி வாசித்தால் ஒரு வசனம் முடிய முன்னர் எனக்கு மூச்சு முட்டும். குற்றச்செய்தி அப்படியில்லை. ஒரு இளைஞன் சுடப்பட்டான். பொலிஸ் விரைந்தது. ஆயுதத்தோடு இருவர் ஓடினார்கள். இப்படிச் சின்னச் சின்ன வசனங்கள், திரும்பத் திரும்ப அதே சொற்கள். மொழி படிக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? காலையில் சூட்டுச் சத்தம் கேட்டது என்று வரும். பத்து மணிக்குப் பொலிஸ் நிற்கிறது என்று வரும். மதியம், வெளியே போகவே பயமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள். பின்னேரம், இது இன்னும் கூடும் என்று ஒரு நிபுணர் எச்சரிப்பார். ஒரே வெடியை நாள் முழுக்க வெடித்துக்கொண்டே இருப்பார்கள். நானும் அத்தனையையும் வாசித்தேன். கறி மிளகாய்க்கு இந்த நாட்டில் என்ன பெயர் என்று தெரிவதற்கு முன்னர் துவக்கு ரவைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பரீட்சை பாஸ் பண்ணிய பிறகும் நிறுத்தவில்லை. இதில் மொழியை ஏன் குறை சொல்ல வேண்டும், எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. வாசித்து முடிய நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை போடுவேன். கிழவர் கேட்பார், "உங்கடை ஆக்களும் இப்பிடியோ?"

"சீ, எங்கடை ஆக்கள் அப்பிடியில்லை. படிப்பு, வேலை, வீடு எண்டு இருப்பினம். இது வேறை ஆக்கள். வளர்ப்புச் சரியில்லை."

"நீர் எங்களிலை ஒருத்திதான்" என்பார் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெட்கம் கெட்டவள், அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நாலு செய்தி வாசிப்பேன். வேறை ஆக்கள் என்று நான் யாரைச் சொன்னேன்? கோடைகாலத்தில் என் வீட்டு வாசலில் என் மகளோடு பந்து விளையாடிய பிள்ளைகளைத்தான் சொன்னேன். பத்து வயதில் ஷெல்லடிக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் கிடந்தவள் நான். ஒரு ரவை உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அதைத் தேநீருக்குத் தொட்டுக்கொள்கிற பிஸ்கட் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம். ரயில் நிலையத்துப் பக்கம் சூட்டுச் சத்தம் கேட்டதாக போனில் செய்தி வந்தது. அவருடைய வீட்டிலிருந்து கீழே இறங்கினால் ஐந்து நிமிடம். நான் நன்றாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவர் திருத்தவே இல்லை. சாப்பாட்டையும் தொடவில்லை.

மறுநாள் போனபோது அவருடைய கதிரைக்குப் பக்கத்தில், போர்வைக்குக் கீழே, இரட்டைக் குழல் துவக்கு கிடந்தது. நிலவறையில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்ததை, நடக்கவே மாட்டாத மனிதர், படி படியாய்க் குந்திக் குந்தி இறங்கிப் போய் எடுத்து வந்திருக்கிறார். கள்ளத் துவக்கு இல்லை, அனுமதிப் பத்திரம் உள்ளது. ஆனால் இப்படி ஒன்றைக் கண்டால் அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதையும். கொண்டு போயிடுவினம். பிறகு அவங்கள் வந்தா நான் என்ன செய்ய?"

நான் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸுக்குள், அதே செய்தியின் திருத்தம் வந்திருந்ததைப் பார்த்தேன். யாரோ மிச்சம் வைத்திருந்த வாணவெடியைக் கொளுத்தியிருக்கிறார்கள். சூடு நடக்கவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. நாலே வரி, படம் கூட இல்லை. நாளைக்கு வாசித்துக் காட்டுவோம் என்று நினைத்தேன். மறுநாள் போனால் கிழவர் முகம் வழித்து, சட்டை மாற்றி, இரண்டு துண்டு பாண் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்கிறார். துவக்கு பக்கத்தில் வந்த பிறகு மனிதருக்கு உயிர் வந்தது போலிருந்தது. இதை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நாலு வரியை நான் அவருக்கு வாசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. திறப்புச் சாவி என் கையில் இருந்தாலும், வெளியே நின்று "நான்தான்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அவரிடமும் சொல்லி வைத்தேன். "என்ரை குரல் கேக்காட்டி ஒருத்தரையும் உள்ளை விடாதேங்கோ." பாதி பகிடியாகத்தான் சொன்னேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை.

தை மாதத்தில் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்தார்கள். அந்த ஆறு கிழமையும் நான் போகும் வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அனுப்பி, முதல் ஒரு கிழமை என்னோடு சுற்றிப் பழகச் சொன்னார்கள். சோமாலியாவில் கணக்குப் படிப்பித்த மனிதர், என் வயதுதான், மெல்லிய குரல், எங்களுக்குள்ளும் நொஸ்க்தான். முதல் நாள் என் கைப்பையைக் காரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் கண்டார், கண்டும் காணாதவர் போல யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளில் என் எண்ணம் மாறிவிட்டது. கிழவிகளின் கால் நகத்தை அவர் வெட்டுகிற பொறுமையைப் பார்த்தால் யாருக்கும் மாறும். அந்த வலக்கையில் கத்தரிக்கோல் இருப்பதே தெரியாது.

ஹவுகெட்டோக் கிழவரிடம், அடுத்த கிழமையிலிருந்து வேறொருவர் வருவார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்திப் பழக்கிவிடலாம் என்பது என் கெட்டித்தனம். துவக்கைப் பற்றி என்னோடு வந்தவரிடமும் சொல்லவில்லை. உள்ளே போனதும் நானே அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட நினைத்திருந்தேன்.

பின்னேரம் மூன்றரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பனி வழித்த வண்டி வீதியோரம் மலை மாதிரிக் குவித்து வைத்திருந்ததால் கார் நிறுத்த இடமில்லை. அடுத்த வீட்டில் மருந்து கொடுக்க ஏற்கனவே பிந்திவிட்டது. எனக்கு எரிச்சல்.

"இந்தாங்கோ திறப்பு. நீங்கள் போய்த் திறவுங்கோ, நான் காரை விட்டிட்டு வாறன்."

அவர் குளிருக்குத் தலைமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் காரைப் பின்னுக்கு எடுத்தேன். நில்லுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பின் கண்ணாடியில் பனிக்குவியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடித்தது. வாணவெடி எப்படிக் கேட்கும், துவக்கு எப்படிக் கேட்கும் என்று என் உடம்புக்குத் தெரியும். காரை வீதி நடுவில் விட்டுவிட்டு அந்தக் கெட்ட முழங்காலோடு ஓடினேன்.

கதவு பாதி திறந்திருந்தது. அவர் படியில் குந்தியிருந்து, இடக்கையால் வலக்கை மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை கிழிந்து தொங்கியது. இரண்டு விரல் தோலில் ஆடின. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தபோதே கிழவர் சுட்டிருக்கிறார். பனியில் இரத்தம் விழுந்த இடமெல்லாம் ஆவி பறந்தது. அவர் கத்தவில்லை. ஏதோ கணக்குத் தவறிவிட்டது போல, "என்ரை கை" என்று மட்டும் சொன்னார்.

நான் கழுத்துச் சால்வையை உருவி அவருடைய முழங்கைக்கு மேலே இறுக்கினேன். அப்போது இரண்டாவது வெடி. கதவுப் பலகை சிதறி என் காதோரம் கிழித்துக்கொண்டு போனது. அவரைப் படியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே விழுந்து படுத்தேன்.

"நான்தான்! சுடாதேங்கோ! நான்தான்!" தமிழில்தான் கத்தியிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது. ஆனால் குரல் கிழவருக்குப் புரிந்துவிட்டது.

நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கிழவர் வாசலுக்கு வந்தார். துவக்கு நடைவண்டியின் குறுக்கே கிடந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"பட்டுதோ? நாங்கள் அவனைப் பிடிச்சிட்டமோ? உமக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

நாங்கள் என்றார், என்னையும் சேர்த்து. நான் எழுந்து துவக்கைப் பறித்துப் பனிக்குள் எறிந்தேன். பிறகு அவரைக் கன்னத்தில் அறைந்தேன். மூன்று வருடமாகக் குளிப்பாட்டித் துடைத்துவிட்ட முகத்தில், என் கையிலிருந்த இரத்தத்தோடு. கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். எதற்கு அடிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். ஆயுதம் உள்ள இடம் என்பதால் பொலிஸ் வரும்வரை வீதி முனையில்தான் நிற்போம் என்றார்கள். நான் சால்வையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் முழந்தாளில் இருந்தேன். அவர் பல் கிட்டித்து நடுங்கினார். போன் அடித்தது. உதவிதான் என்று நினைத்து முழங்கையால் அழுத்தினேன். என் கணவர்.

"ஹவுகெட்டோவிலை சூடாம், போனிலை போட்டிருக்கிறாங்கள். திரும்பத் தொடங்கிட்டாங்கள் அவங்கள். நீர் காரை விட்டு இறங்காதையும், என்ன?"

பக்கத்தில் கிடந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பொலிஸ் வந்து கையைத் தூக்கச் சொன்னது. நான் தூக்கவில்லை. தூக்கினால் இரத்தம் பாயும்.

அன்று முழுக்க அந்தச் செய்தி ஓடியது. ஒஸ்லோவின் தெற்கில் துப்பாக்கிச் சூடு, வெளிநாட்டுப் பின்னணி கொண்ட ஆண் படுகாயம். ஒரு சொல்லிலும் பொய் இல்லை. வாசித்தவர்கள் எல்லோரும் அவரவருக்குத் தெரிந்த கதையை அதற்குள் நிரப்பிக்கொண்டார்கள். எங்கள் சொந்தக்காரரின் போன் குழுவில், கதவைப் பூட்டுங்கோ என்று பத்துப் பேர் அனுப்பியிருந்தார்கள்.

துவக்கு அங்கே இருந்தது தெரியுமா என்று பொலிஸ் கேட்டது. தெரியாது என்றேன். மூன்றாம் நாள் நானே போய், தெரியும் என்று மாற்றிச் சொன்னேன். வேலை போனது. போகட்டும்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட குறைக்கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவர் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். என் காதைத்தான் முதலில் விசாரித்தார். நான் மேலே விழுந்து படுத்திராவிட்டால் இரண்டாவது வெடி தலையில் பட்டிருக்கும் என்று தன் மனைவியிடம் சொன்னாராம். அவர் மனைவி எனக்காகத் தொழுதாராம்.

"அந்தக் கிழவரிலை எனக்குக் கோவமில்லை" என்றார். "கண் தெரியாத மனுசன், பயந்து போனார். ஆர் அவரை அப்பிடிப் பயப்பிடுத்தினது எண்டுதான் படுத்திருந்து யோசிக்கிறன்."

நான் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒன்றும் விடாமல் சொன்னேன். வாசித்த செய்திகள், வேறை ஆக்கள் என்றது, வாசிக்காமல் விட்ட நாலு வரி, கண்டும் சொல்லாத துவக்கு, என் குரல் கேட்காவிட்டால் ஒருவரையும் விடாதேங்கோ என்றது, பூட்டி வைத்த கைப்பை. அவருடைய சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது போலவும் இருந்தது.

அவர் இடக்கையால் தடவித் தடவி, கட்டிலோரம் இருந்த அழைப்பு மணியை அழுத்தினார். தாதி வந்தாள். அவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்.

"இவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு இவவைப் பாக்கப் பயமாய் இருக்கு."

தாதி என் தோளைத் தொட்டாள். நான் எழுந்து வெளியே வந்தேன்.