மாடிக்குச் சாம்பல் வண்ணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வகுப்பு நடக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள், எடுத்த படத்தின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தப் படிக்கும் வகுப்பு. உள்ளூர் ஆட்கள் ஆறு பேர்; ராஜபாளையத்திலிருந்து நாலு பேர் பஸ்ஸில் வருவார்கள். எல்லாரும் மீசை வைத்த ஸ்டுடியோக்காரர்கள். சொல்லித் தருவது ஒரு மதுரைப் பெண், நாற்பது வயதிருக்கும்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் வகுப்பு நேரத்தில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். என் வீடு, யார் கேட்பது?

டீச்சர் வாயால் சொல்வது கொஞ்சம்தான். எல்லாருக்கும் ஒரே படத்தைக் கொடுப்பாள்: மண்டபத்தில் தலை குனிந்து நிற்கும் ஒரு மணப்பெண். திரையின் கீழ்ப்பக்கம் மூன்று வட்டங்கள் இருக்கும். ஒன்று இருட்டுக்கு, ஒன்று நடுவுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. அவற்றை நகர்த்தி நகர்த்தி முகத்தின் நிறத்தைக் கொண்டுவர வேண்டும். யாருக்கு வராவிட்டாலும் அவர்கள் மவுசை அவள் தொடமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னொரு தரம்" என்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் என்னிடம் வந்தாள். "ஆச்சி, மாடி உள்சுவத்துக்குச் சாம்பக் கலர் அடிக்கணும். இல்லன்னா வகுப்ப ராஜபாளையத்துக்கு மாத்துறதத் தவிர வழியில்ல."

பதினோரு வருஷம் வண்ணம் காணாமல் வெறும் சிமெண்டுப் பூச்சோடு நின்ற வீடு இது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் சுவரைத்தான் பார்த்தார்கள். வழி கேட்டால் தெருவில் ‘அந்தச் சிமெண்டு வீடு’ என்று கைகாட்டுவார்கள். ராஜபாளையத்தில் பஞ்சு மில்லிலும் பேண்டேஜ் துணிக் கம்பெனியிலும் நின்று வேலை பார்த்து, ஓய்ந்து வீட்டுக்கு வந்த வருஷம்தான் முழு வீட்டுக்கும் வண்ணம் அடித்தேன். மாடிக்குக் கிளிப்பச்சை. நானே கடைக்குப் போய்ச் சொன்ன நிறம்.

"மறுபடியும் சிமெண்டு வீடாக்கச் சொல்லுதியோ?"

"இந்தப் பச்ச கண்ண ஏமாத்துது ஆச்சி."

"ஏன், சுவரு படத்துக்குள்ள எறங்கி நடக்குதாக்கும்?"

ராஜபாளையத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "இங்க ஒக்காந்து திருத்துன வீடியோவக் குடுத்தேன் ஆச்சி. ‘எங்க பிள்ளைக்கு என்ன சீக்கு’ன்னு பொண்ணு வீட்டுக்காரவிய கேக்காவ."

"ஒனக்குக் கை வரல. எஞ்சுவத்து மேல பழியப் போடுத."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். "நீங்களே உக்காருங்க."

உட்கார்ந்தேன். மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? படத்தில் அந்தப் பெண் செக்கச்செவேலென்று தெரிந்தாள். நடு வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சிவப்பைக் குறைத்தேன். அரை மணி நேரம் ஆனது. முகம் பாந்தமாக வந்து உட்கார்ந்தது. "நம்மளவிட ஆச்சி தேவலடா" என்றான் ஒருத்தன்.

டீச்சர் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு, "கீழ போயி டீ குடிப்போம், வாங்க" என்றாள்.

கீழ் அறை வெள்ளைச் சுவர். டீ குடித்துச் செத்த நேரம் பேசியிருந்த பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்தில் பாசி படர்ந்தது போலப் பச்சை.

"இத எவன் மாத்துனது?"

"யாரும் தொடல ஆச்சி. நீங்க வெச்சபடியேதான் இருக்கு. பச்சச் சுவரையே பாத்திருந்த கண்ணுக்கு முகம் செவப்பாத் தெரிஞ்சிருக்கு; அதான் செவப்பக் கூடுதலாக் கொறச்சிட்டீங்க."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானே மாடி ஏறினேன். அங்கே கொஞ்ச நேரம் போனதும் முகம் மறுபடி சரியாக இருந்தது. இறங்கினேன். பாசி. இன்னொரு தரம் ஏறி இறங்கினேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எந்த வீட்டுப் பிள்ளையோ. அவள் வாழ்நாளெல்லாம் எடுத்துப் பார்க்கப்போகிற முகத்தை நான் கெடுத்துவைத்திருந்தேன். அதுவும் சரியாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு.

"அடிச்சுக்கிடுங்க. ஆனா வேல நான் சொல்லுதபடிதான் நடக்கணும்" என்றேன்.

டீச்சர் நிறத்துக்கு மாதிரியாக ஒரு சாம்பல் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெயிண்டரிடம் சுவர் வழுவழுப்பாக இரண்டு கை பட்டி பார்க்கச் சொன்னேன். அதற்குமேல் இரண்டு கோட்டு வண்ணம்.

"சாம்பக் கலருக்கு எதுக்கு ஆச்சி இம்புட்டு பட்டி? மேல வந்து யாரு பாக்கப் போறா?"

"பாக்காண்டாம்லே. தடவுனாத் தெரியணும், இது காசில்லாம விட்ட சுவரு இல்லன்னு."

அவன் முனகிக்கொண்டே பட்டி வைத்துத் தேய்த்தான். பட்டி வேலை முடிந்தது என்று அவன் சொன்னதும் மாடிக்குப் போய், உள்ளங்கையை வைத்து நாலு சுவரையும் மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தேன். கண்ணாடி மாதிரி வழுக்கியது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு இடத்தில் நெருடியது.

"உப்புத்தாள எடுத்துட்டு இங்க வா" என்றேன்.