கூட்டுப் பயிற்சிக்குக் குரல் கொடுத்தவள்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். குரலைக் கேட்காதவர்கள் ஊரில் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நேரக்காப்பாளர் அறைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு. கல்யாணமான புதிதில் அதற்குள் போனவள், மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அதற்குள்ளேதான் இருந்தாள். வராத வண்டியை வரும் என்று அவள் சொன்னதில்லை. உத்தமி என்பதால் இல்லை. பொய் சொன்னால் அடுத்த நிமிஷமே மூட்டை முடிச்சோடு நூறு பேர் வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள்.

அந்த வருஷம் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்து ஊர்க் கடற்கரையில் பெரிய போர்ப் பயிற்சி நடத்த வந்தன. கடற்கரைச் சாலையை அடைத்தார்கள். எல்லா பஸ்ஸும் ஊரைச் சுற்றிப் போனது. மீன்பிடிப் படகுகள் கரையேறிக் கிடந்தன. வானத்தில் ஏதோ கிழிந்துகொண்டு போகும்போதெல்லாம் பள்ளிக்கூட ஜன்னல்கள் அதிர்ந்தன. வழிமாற்றத்தை அறிவித்து அறிவித்து அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"நம்ம ஊரைப் பிடிக்க நம்ம ஆளுங்களே வந்திருக்காங்க. எதிரி வந்தாகூட பஸ்ஸை விட்டிருப்பான்," என்றாள் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த கணவனிடம்.

"மெதுவாப் பேசு. காதுல விழப் போகுது," என்றான் அவன்.

"அவங்க போடுற சத்தத்துல அவங்களுக்கே ஒண்ணும் விழாது."

கடைசி நாள் பொதுமக்களுக்குக் காட்சி. வர்ணனை செய்ய வேண்டிய அதிகாரிக்கு ஒத்திகையில் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. பேருந்து நிலைய மேலாளர், பெரிய இடத்தில் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று, கேட்காமலே அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் படைக்கு ஒருவராக மூன்று அதிகாரிகள் நின்றார்கள். அவள் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைத் திணித்துவிட்டு, எந்தப் படையின் பெயர் முதலில் வர வேண்டும் என்று தங்களுக்குள் வழக்காடத் தொடங்கினார்கள்.

"மூணையும் ஒரே நேரத்துல சொல்ல முடியுமாம்மா?" என்றார் விமானப்படைக்காரர்.

"எனக்கு ஒரு வாய்தான் இருக்கு சார்."

கடைசியில் அகர வரிசை என்று முடிவானது. அதிலும் யாருக்கும் திருப்தியில்லை. ஒன்றாகப் போர் செய்யப் போகிறவர்களின் லட்சணம் இது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பந்தலில் சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்தார். மணலில் ஒட்டுப்பலகையால் செய்த எதிரி முகாம். அதற்குள் எதிரி வேஷம் போட்ட சிப்பாய்கள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். அவள் காகிதத்தைப் படித்தாள்: "இதோ, மின்னல் வேகத்தில் நம் வீரர்கள் கரையிறங்குகிறார்கள்!"

ஒருவரும் இறங்கவில்லை. கரைக்குக் கூப்பிடு தூரத்தில் தரையிறக்கப் படகு மணல்திட்டில் ஏறி அசையாமல் நின்றது. அதை இழுக்கக் கயிற்றோடு தரைப்படை லாரி ஒன்று ஓடியது. ஈரமணலில் அச்சு வரை புதைந்தது. உதவிக்கு வந்த ஹெலிகாப்டர் தாழ்வாக இறங்கியதும் கரையில் இருந்த மணல் முழுவதும் விருந்தினர் பந்தலுக்குள் வந்தது. பந்தலின் ஒரு பக்கம் கிழிந்து அவர் தலையில் விழுந்தது. எதிரிகள் முகாமைவிட்டு வெளியே வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு பாவம் என்று அவர்களே லாரியைத் தள்ளப் போனார்கள்.

"அடுத்த பக்கத்தைப் படிங்க!" என்றார் கடற்படைக்காரர்.

"அதுல முகாம் தரைமட்டம்னு இருக்கு சார். முகாம்காரங்க லாரி தள்ளிட்டிருக்காங்க."

"பேசாம இருங்க," என்றார் தரைப்படைக்காரர். "ஏதாவது பேசுங்க," என்றார் விமானப்படைக்காரர்.

கூட்டம் மெல்ல மேடைப் பக்கம் திரும்பியது. குழந்தைகள் நச்சரித்தன. "என்னதான்யா நடக்குது?" என்று ஒருவர் கத்தினார். இத்தனை வருஷப் பழக்கம். அவள் கை தானாக மைக்கை இழுத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கடல் வழியாக வர வேண்டிய படகு மணல்திட்டில் சிக்கியுள்ளது. அதை மீட்கச் சென்ற லாரியும் சிக்கியுள்ளது. எனவே தாக்குதல் தாமதமாகும். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

கடற்கரை முழுவதும் சிரித்தது.

தரைப்படைக்காரர் முகம் சிவந்து ஓடி வந்தார். "எங்களை அவமானப்படுத்திட்டீங்க!"

"நான் எங்க சார் அவமானப்படுத்தினேன்? அது அங்க தண்ணியில நிக்குது, பாருங்க."

கடல் ஏறியது. படகு தானாக மிதந்தது, லாரி மூழ்கியது. சிறப்பு விருந்தினர் தலைமுடியில் மணலோடு எழுந்து, முப்படைகளின் ஒருங்கிணைப்பு உலகமே வியக்கத்தக்கது என்று பேசினார். சாயங்காலச் செய்தியிலும் மாபெரும் வெற்றி என்றே சொன்னார்கள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுநாள் மேலாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "எதுக்கு சார்? நான்தான் மைக்குலயே வருத்தம் தெரிவிச்சுட்டேனே," என்றாள். அவளைப் பார்சல் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கே மூட்டைகளை எடை போட்டு, கயிறு கட்டினாள். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. மேலாளரின் மச்சான் மைக்கில் வண்டிகளை மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் ஒரு சிப்பாய் வீட்டுக்கு அனுப்ப ஒரு பெட்டி கொண்டுவந்தான். எந்த ஊருக்கு என்று அவள் கேட்டதுமே, குரலை அடையாளம் கண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, அன்னிக்கு மைக்குல நீங்கதானே? நான் அந்தப் படகுல இருந்தேன். காலையிலிருந்து வாந்தி. நீங்க எங்களைப் பயணிகள்னு சொன்னதும் அத்தனை பேரும் சிரிச்சுட்டோம்."

"அப்புறம் என்னாச்சு?"

"படகு ஓட்டினவரைத் தண்டிச்சாங்க. அந்த இடத்துல இறங்கச் சொன்னவருக்குப் பதக்கம்."

"அதுலயாவது தாமதம் இல்லாம இருந்தாங்களே," என்று சொல்லி, பெட்டியை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினாள்.

பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்தது. மச்சான் சொன்னதை நம்பித் தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே போய் இறங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டவில்லை, உடைத்தே விட்டார்கள். மேலாளர் பார்சல் பிரிவுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"நாளையிலேர்ந்து உள்ள வந்துருங்கம்மா."

"உங்க மச்சான்?"

"அவன் பார்சலுக்கு வரான்."

"முகவரியை ரெண்டு தடவை படிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, நாளை வரை காத்திராமல் அப்போதே எழுந்து போனாள்.