செம்பருத்திக்கு முடிவெட்டிய சலூன்காரர்

தெருமுனைச் சலூன்காரர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு செம்பருத்தி நின்றது. குழாய் பதிக்க வந்தவர்கள் அந்த இடத்தைத் தோண்ட வேண்டும் என்றார்கள். அவரே அதை வேரோடு பெயர்த்து வாசல் பக்கம் நட்டார். மறுநாளே இலையெல்லாம் தொங்கிப்போய், பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம். கடைக்குக் கிளம்பும்போது இவர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். இவர் எங்கே ஊற்றியிருக்கப் போகிறார் என்று மனைவி ஒரு குடம். யாருக்கும் சொல்லாமல் மாமனார் ஒரு குடம். மாமனாரின் செருப்பு சேற்றில் புதைந்து, அவர் ஒற்றைக்காலில் நின்று கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

செடி விற்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் சவரத்துக்கு நடுவே யோசனை கேட்டார். முகமெல்லாம் நுரையோடு அவர் விளக்கினார்: வேர் அறுபட்டிருக்கிறது, அத்தனை இலையையும் அதனால் தாங்க முடியாது. கொஞ்சம் வெட்டிவிட்டு நிழல் கட்டுங்கள், மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

சாயங்காலம் கத்திரியோடு செடி முன்னால் நின்றவர், ஒரு கிளையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"ஊர்ல இருக்கிற தலையெல்லாம் வெட்டுறீங்க. இதுக்கு என்ன யோசனை?" என்றாள் மனைவி.

"அவங்க கண்ணாடியில பாத்து போதும்னு சொல்லுவாங்க. இது சொல்லாதே."

உள்ளே போய்ச் சலூன் துணியை எடுத்துவந்து செடியின் அடியைச் சுற்றிக் கட்டினார். கத்திரி பழக்கப்படி ஓட ஆரம்பித்தது. வேலை மும்முரத்தில் குனிந்து, "பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கவா?" என்றும் கேட்டுவிட்டார். ஏதோ பேச வந்த எதிர்வீட்டுக்காரர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அதே துணியை நாலு குச்சியில் கட்டி நிழல் போட்டார். அதைப் பார்த்து, வீட்டிலும் கிளை திறந்துவிட்டார் என்று நினைத்த ஒருவர் பக்கத்து முக்காலியில் வந்து உட்கார்ந்தார். வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அவருக்கும் வெட்டிவிட்டார்.

தண்ணீர்ப் பொறுப்பு மாமனாருக்கு மட்டும் என்று முடிவானது. அவர் மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்தார். மண் ஒட்டிய விரலோடு வீடு முழுக்க நடந்தார்.

மெல்ல, வெட்டிய கணுக்களில் துளிர் விட்டது. இடப்பக்கம் அடர்த்தி, வலப்பக்கம் வழுக்கை. ஆனாலும் முதல் மொட்டைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கடை திறக்க நேரமாகிவிட்டது. காத்திருந்தவர்களிடம், "வீட்டுல ரொம்ப முடியாம இருந்துச்சு, இப்பதான் தேறியிருக்கு" என்றார்.

அன்றைக்கே இரண்டு பேர் பழங்களோடு மாமனாரைப் பார்க்க வந்தார்கள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, லேசாக இருமியும் காட்டினார்.