என் தங்கை துப்பிய எட்டு ஒயின்கள்

என் தங்கை ஒயினைக் குடிப்பதில்லை. ஒரு வாய் வாங்கி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி, பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் வாளியில் துப்பிவிடுகிறாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இதை எங்கள் பெரியம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. "குடிக்கிற வேலைன்னா கூட வெளிய சொல்லிக்கலாம். துப்புறதுக்குப் போயிட்டு வர்றான்னு எப்படிடா சொல்றது?" என்று இன்றைக்கும் கேட்பார்.

வீட்டில் அவளுக்கு மூக்கி என்று பெயர். வைத்தவன் நான்தான். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தோளில் சாய்ந்து, "அண்ணன் சட்டையில சினிமாக் கொட்டகை வாசனை வருது" என்று அப்பாவிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய மத்தியானம் அது. என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்று நான் தையல் கடைக்குப் போனதில் அந்த மூக்குக்கும் பங்கு உண்டு. எனக்கு வருத்தம் இல்லை. கோட்டு தைப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். வந்திறங்கும் பாட்டில்களின் முதுகில் நிறுவனத்தின் சீட்டை ஒட்டும் வேலை. எட்டு வருடம் ஒட்டினாள். நேராக ஒட்டினாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். மாடியில் ருசி பார்க்கும் கூட்டம் முடிந்ததும் மிச்ச பாட்டில்கள் கீழே வரும். எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் மூக்கி அவற்றை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பாள். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"சிவப்பு. பென்சில் சீவின தூள், நசுக்கின மிளகு. துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் கடிக்கிறது. நல்ல பிள்ளை.

சிவப்பு. பேர் பெரிசு. புது மேசைக்கு வார்னிஷ் அடித்த வாசனை. மேசையை வாங்கலாம், ஒயின் வேண்டாம்.

நுரைக்கிறது. குமிழி ஊசிமுனை அளவு. பேக்கரி வாசல் வாசனை. நுரை பாட்டிலுக்குள்ளேயே பிறந்தது.

நுரைக்கிறது. குமிழி பட்டாணி அளவு. சோடா போல வெளியிலிருந்து வாயுவை அடைத்திருக்கிறார்கள். ஏப்பம்தான் மிச்சம்."

ஒயின்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும் பொறுப்பும் விற்கும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தன. கிடங்கில் அவருக்கு லேபிள் சார் என்று பெயர். லேபிளைப் படித்த பிறகுதான் அவருடைய மூக்கு வேலை செய்யும் என்பதால் வந்த பெயர். நல்ல உயரம், நல்ல குரல். அவர் ஒரு ஒயினைப் பற்றிப் பேசினால் கேட்பவர்களுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். ஆனால் பெயர் தெரியாத திராட்சைத் தோட்டங்களிலிருந்து வரும் சாம்பிள் பாட்டில்களை அவர் திறக்கவே மாட்டார். அவை கிடங்கின் கடைசி அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். மூக்கி அவற்றைத் திறந்தாள். நான்கு ஒயின்களைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சாதாரணச் சிவப்பு, இரண்டு நுரைப்பவை. நுரைப்பவற்றில் ஒன்று சிவப்பாகவே நுரைக்கும். இந்த நான்கையும் வாங்குங்கள் என்று நேராக முதலாளியம்மாவிடமே போய் நின்றுவிட்டாள்.

முதலாளியம்மா கறாரானவர். ஒரு பந்தயம் வைத்தார். மூக்கியின் நான்கு, லேபிள் சார் வழக்கமாக வாங்கும் பேர்போன நான்கு. எட்டையும் துணியால் மூடி, பழைய வாடிக்கையாளர்கள் ஆறு பேருக்கு ஊற்ற வேண்டும். அவர்கள் மார்க் போடுவார்கள். முதல் நான்கு இடத்துக்குள் மூக்கியுடையது குறைந்தது இரண்டு வந்தால், இனி ஒயின் வாங்கும் வேலை அவளுக்கு. வராவிட்டால் நான்கும் திருப்பி அனுப்பப்படும்; அவள் கீழே போய்ச் சீட்டு ஒட்ட வேண்டும், இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.

"அண்ணா, எட்டு உறை தைச்சுக் கொடு. கறுப்புத் துணி, கெட்டியா இருக்கணும். ஐஸ்ல வெச்சா காகிதம் கிழிஞ்சுடும்" என்றாள்.

தங்கையின் எட்டு வருட உழைப்பு அந்தத் துணிக்குள் இருக்கிறது. நான் அரைகுறையாகச் செய்வேனா? டேப்பை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். எட்டுப் பாட்டிலுக்கும் தனித்தனியாக வயிறு, தோள், கழுத்து அளவு எடுத்தேன். நுரைக்கும் ஒயின் பாட்டில்கள் நாலும் தடித்த வயிற்றோடு ஒரே ஜாடையில் இருந்தன. சிவப்பில் பேர்போன இரண்டுக்கும் தோள் நிமிர்ந்து நிற்கும்; மூக்கியுடைய இரண்டுக்கும் தோள் சரிந்து இறங்கும். அதற்குத் தகுந்தபடி துணியை உள்ளே மடித்து டார்ட் பிடித்து, உள்தையல் போட்டு, நான்கு இரவு உட்கார்ந்து தைத்தேன்.

பந்தயம் காலை பதினொரு மணிக்கு; வயிறு நிறைந்தால் நாக்கு மந்தமாகிவிடுமாம். நான் பத்து மணிக்கே போய் எட்டுக்கும் மாட்டிவிட்டு, மூக்கியைக் கூப்பிட்டேன். வந்தவள் வாசற்படியிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா! என்ன இது?"

"ஏன், எங்கயாவது சுருக்கம் இருந்தா காட்டு பாக்கலாம்."

"இல்லியே, அதான் பிரச்சினை! மாப்பிள்ளைக்குக் கோட்டு தைச்ச மாதிரி தைச்சிருக்க. யாரு நிமிர்ந்த தோளு, யாரு சரிஞ்ச தோளுன்னு வாசல்லேர்ந்தே தெரியுதே! லேபிள் சாருக்கு இது போதும். பாட்டில் நிழலைப் பாத்தே பேரைச் சொல்லிடுவாரு."

"அளவா தைச்சது ஒரு குத்தமா?"

"மூடுறதுக்குத் தைக்கச் சொன்னா, எடுத்துக் காட்டுறதுக்குத் தைச்சிருக்க!"

முப்பது வருடத்தில் என் தையல் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒருவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அப்போது மணி பத்து பதினைந்து. என் பையில் வேறொருவர் கோட்டுக்கு வாங்கிய தோள் பேடுகள் இரண்டு ஜோடியும், கொஞ்சம் பஞ்சும் இருந்தன.

"நீ வெளிய போய்ச் சுவத்தைப் பாத்து நில்லு. எது எங்க இருக்குன்னு உனக்கும் தெரியக் கூடாது" என்றேன்.

அவள் போனாள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தொளதொளவென்று மாட்டியிருந்தால் போதும். நேர்மையான வேலை அதுதான். ஆனால் பாட்டிலின் நிழலைப் பார்ப்பாராமே, பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு குறும்பு எழுந்துவிட்டது. சரிந்த தோள்களுக்கு உள்ளே பேடு வைத்து நிமிர்த்தினேன். நிமிர்ந்த தோள்களுக்குக் கழுத்தைச் சுற்றிப் பஞ்சு கொடுத்துச் சரித்தேன். பேர்போனவை ஏழைகள் போலவும், ஏழைகள் பேர்போனவை போலவும் நின்றன. சாக்கட்டியால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டேன். ஒன்று முதல் நான்கு நுரைப்பவை, ஐந்து முதல் எட்டு சிவப்பு. ஆறாம் எண் மூக்கிக்கு உயிரான ஒயின். அந்த பென்சில் தூள், மிளகு ஒயின்.

ஆறு வாடிக்கையாளர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் ஓட்டல் சமையல் தலைவர், மேசை அகலத்துக்கு இருந்தார். மூக்கியும் லேபிள் சாரும் தனித்தாளில் மார்க் போட வேண்டும். அது கணக்கில் சேராது. நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நுரைப்பவை முதலில். மூன்றாம் எண்ணை ஊற்றியதும் கிளாசில் சிவப்பு நுரை பொங்கியது. "இது ஒயினா, கலர் சோடாவா?" என்று லேபிள் சார் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே குடித்தார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கியும் குடித்தார்கள். சமையல் தலைவர் வாளியின் பக்கமே திரும்பவில்லை.

அடுத்தது சிவப்பு. ஆறாம் எண் வந்தது. லேபிள் சார் முதலில் பாட்டிலைப் பார்த்தார். நிமிர்ந்த தோளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிளாசை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆஹா! என்ன கம்பீரம்! பழைய நூலகத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஒரு வாசனை வருது பாருங்க. இது பெரிய வீட்டு ஒயினுக்கு மட்டும்தான் வரும்."

"ஆமா, புஸ்தக வாசனை" என்றார் ஒருவர். "தோல் அட்டை போட்ட புஸ்தகம்" என்றார் இன்னொருவர்.

எனக்கு வாயை மூட முடியவில்லை. மூக்கியுடைய ஒயினுக்கு லேபிள் சாரே மேளம் அடிக்கிறார்! அவள் முகத்தைப் பார்த்தேன். கிளாசை இரண்டு தடவை முகர்ந்தாள், ஒரு வாய் வாங்கி உடனே துப்பினாள், தாளில் ஏதோ போட்டாள்.

முதலாளியம்மா மார்க்கைக் கூட்டிப் படித்தார். மூன்றாம் எண் முதலிடம். ஆறாம் எண் இரண்டாமிடம். அடுத்தது ஒன்று, அதற்கடுத்தது எட்டு. மூன்றும் ஆறும் மூக்கியுடையவை. எழுந்து கை தட்டாமல் இருக்க நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறாம் நம்பருக்கு நீ மட்டும் சுழி போட்டிருக்கியே, ஏம்மா?" என்றார் முதலாளியம்மா.

"அதைப் போட்டியிலேர்ந்தே எடுத்துடுங்க மேடம். கெட்டுப்போன பாட்டில்."

நான் இருமினேன்.

"சாரு புஸ்தக வாசனைங்கிறாரு. அது நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை. கார்க்கு கெட்டா அப்படித்தான் வரும்."

நான் இன்னும் பலமாக இருமினேன்.

"அண்ணா, தண்ணி குடி" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"ஏம்மா, இருபது வருஷமா நான் குடிச்ச ஒயின்ல நீ பாதி தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்ட" என்றார் லேபிள் சார்.

"அப்போ பத்து நிமிஷம் கிளாஸ்லயே இருக்கட்டும் சார். காத்துப் பட்டா நல்லதுன்னா இன்னும் மணக்கும். கெட்டதுன்னா இன்னும் நாறும்."

பத்து நிமிடம் யாரும் கிளாசைத் தொடவில்லை. பிறகு சமையல் தலைவர் முகர்ந்தார். "அடுப்படியில ஒரு வாரமா காயாத துணி" என்று கிளாசைத் தள்ளி வைத்தார். மற்ற ஐந்து கிளாஸ்களும் பின்னாலேயே தள்ளிப் போயின. முதலாளியம்மா ஆறாம் எண்ணை அடித்துவிட்டு, ஐந்தாமிடத்தில் இருந்த பேர்போன ஒயினை மேலே ஏற்றினார். மூக்கிக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான்.

உறைகளைக் கழற்றச் சொன்னார். ஆறாம் எண்ணைக் கழற்றியபோது பேடு இரண்டும் மேசையில் விழுந்தன.

"இது என்னது?" என்றார் லேபிள் சார்.

"தோளு சார்" என்றேன்.

அவர் பேடைப் பார்த்தார், சரிந்த பாட்டிலைப் பார்த்தார். லேபிளை மட்டும் படிக்கவில்லை. முதலாளியம்மா படித்தார். "இது உன்னோடதாச்சே?" என்று மூக்கியைக் கேட்டார்.

"ஆமா மேடம். இன்னொரு பாட்டில் இருக்கு, திறக்கட்டுமா?"

திறந்தாள். எல்லாருக்கும் ஊற்றினாள். சமையல் தலைவர் தன் கிளாசை முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவருடையதையும் முடித்தார்.

"ரெண்டு கேட்டேன், ஒண்ணுதான் வந்திருக்கு. பேச்சு பேச்சுதான்" என்றார் முதலாளியம்மா. மூக்கி தலையாட்டினாள். "ஆனா கெட்டுப்போன பாட்டிலை ஒருத்தரு புகழ்றாரு, ஒருத்தி துப்புன்னு சொல்றா. நாளைக்குப் புதுசா ஒரு சாம்பிள் பாட்டில் வந்தா அதை நான் யாரு முன்னாடி வைக்கட்டும்?"

"அந்தப் பொண்ணு முன்னாடி" என்றார் சமையல் தலைவர். "எனக்கு இந்தச் சிவப்புல நாலு பெட்டி."

"திங்கக்கிழமையிலேர்ந்து மாடிக்கு வந்துடும்மா. சார், நீங்க விக்கிறதை மட்டும் பாத்துக்குங்க. நாறிப்போனதையே ஆறு பேரை ரசிக்க வெச்சீங்க. நல்லதைக் கையில கொடுத்தா யாரை விடப்போறீங்க!"

லேபிள் சாருக்கு அது பாராட்டா திட்டா என்று விளங்க நேரம் எடுத்தது. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார். மனுஷர் நல்லவர்தான்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஆறு உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருப்பியா?"

"தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"முதல் தடவை மோந்ததுமே தெரிஞ்சுடுச்சு. அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி அந்த மிளகு மெல்லிசா நின்னுக்கிட்டிருந்துது. ஈரச் சாக்கைப் போத்திக்கிட்டு நீ நின்னா உன்னை எனக்கு அடையாளம் தெரியாதா?"

"அடிப்பாவி! சும்மா இருந்திருந்தா அப்பவே ஜெயிச்சிருப்பியே!"

"ஜெயிச்சிருப்பேன். ஆறு பேரும் அந்த நாத்தத்தைக் குடிச்சுட்டு, இதுதான் அந்த ஒயின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுப் போயிருப்பாங்க. அதுக்கு நான் சீட்டே ஒட்டிக்கிட்டு இருக்கலாம்" என்றாள்.